ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தேர்வாய் கண்டிகை வரை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத உட்கார வேண்டும், உட்காரும் நிலையில் நான் இல்லை. தலையணை மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். என் கூட்டாளி டேனியல் மட்டும் சைக்கிள். பஸ் ஏறினால் அவனுக்கு வாந்தி வரும். யூனிபார்ம் பேண்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பெண்கள் போடும் கறுப்பு லெக்கின்ஸில் மிதிப்பான். அதையும் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருப்பான்.

போன மாதம் பஸ் ஜன்னலிலிருந்து அவனை வீடியோ எடுத்தேன். “அக்கா, லெக்கின்ஸ திருப்பிப் போட்டுக்கினு எங்க போறீங்கோ?” என்று என் குரலையும் சேர்த்து, வேலை செய்கிறவர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டேன். இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சூப்பர்வைசரே அவனை அக்கா என்று கூப்பிட்டார். மறுநாள் டேனி பஸ்ஸில் ஏறினான். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர். சும்மா காமெடிக்குத்தான் போட்டேன் என்றேன்.

“பரவால்ல மச்சான்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து கவர் இல்லாமல் அவன் வந்து நான் பார்க்கவில்லை. இந்த மாதத்தோடு வேலையை விடப்போகிறான் என்று கேள்விப்பட்டேன்.

ஜீன்ஸிலேயே அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிக் காட்டிவிட்டால், அவனுக்கும் ஜீன்ஸைப் போட்டு மறுபடி சைக்கிளில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபமாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை 5.40. மாமாவின் சைக்கிளில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு கண்டெய்னர் லாரி தாண்டும்போதும் சட்டை மட்டும் எனக்கு முன்னால் போகப் பார்த்தது.

6.20. கவரைப்பேட்டை. டீ பன்னிரண்டு ரூபாய். என் ஜீன்ஸைப் பார்த்துவிட்டு, எங்கே கல்யாணம் என்று கேட்டார் டீக்கடைக்காரர். பெண் பார்க்கப் போகிறேன் என்றேன். அன்றைக்கு நான் அடித்த கடைசி ஜோக் அது.

சத்தியவேடு சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே மாந்தோப்பு. பஸ்ஸில் இந்த இடத்தில் நான் வாய் பிளந்து தூங்குவேன். இன்று ஒவ்வொரு மிதியிலும் விழித்திருந்தேன். ஜீன்ஸில் தையல் எல்லாம் வந்து சேரும் முடிச்சு ஒன்று இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று சைக்கிள் ஓட்டினால்தான் தெரியும். வியர்வையில் துணி நனைந்து, தொடையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் இருந்தது.

7.25. தொழிற்பேட்டை வாசல். மொத்தம் இருபது கிலோமீட்டர். இறங்கக் காலைத் தூக்க முடியவில்லை, சைக்கிளைச் சாய்த்து அதோடு சேர்ந்து நானும் சாய்ந்தேன். இத்தனை தூரம் மிதித்து வந்துவிட்டு டேனி எட்டு மணிநேரம் நின்று வேலையும் பார்ப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வந்தேன். 8.40-க்குக் கூட்ரோட்டில் நைட்டி, லெக்கின்ஸ் விற்கும் வேன் ஒன்று நின்றிருந்தது. கறுப்பில் ஒன்று கேட்டேன்.

“யாருக்கு நைனா?” என்றார் வேன்காரர்.

“தங்கச்சிக்கு.”

“எம்மா ஒசரம் இருப்பா?”

“என் ஒசரம்.”

என் கால்கள் அகன்று நின்ற விதத்தைப் பார்த்தார். “தங்கச்சியும் சைக்கிள்லதான் வந்தாளா?”

நூற்றைம்பது என்றார், நூற்றைம்பதே கொடுத்தேன். பேரம் பேசினால் இன்னும் இரண்டு நிமிடம் அங்கே நிற்க வேண்டும்.

கருவேல மரத்துக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு சாலைக்கு வந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்கூட்டியில் போன இரண்டு பெண்கள் கொஞ்சதூரம் போய்ச் சிரித்தார்கள். காது இரண்டும் எரிந்தன. இவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. டேனியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் அவனோடு சாப்பிடுகிறவர்கள்.

ஆனால் கால் சுலபமாகச் சுற்றியது. தையல் மட்டும் தொடை நடுவில் லேசாக அறுத்தது.

கவரைப்பேட்டையில் டீக்கடைக்காரரிடமே போனைக் கொடுத்து, முகமும் லெக்கின்ஸும் தெரிய ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். பெண் வீட்டில் இதைத்தான் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே எடுத்தார். அதே குழுவில் அதைப் போட்டேன். கிண்டலாக மூன்று வரி அடித்து மூன்றையும் அழித்தேன். கடைசியில், “டேனி, நீ போட்டதுதான் சரி. நான் பண்ணது தப்பு” என்று மட்டும் அனுப்பினேன்.

10.15-க்கு கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் சிரிக்கும் பொம்மைகள் குழுவில் வந்து குவிந்திருந்தன. டேனியிடமிருந்து ஒன்றும் இல்லை. தினமும் முப்பத்தைந்து நிமிடத்தில் தூங்கியே கடக்கிற சாலை, இன்று போய்வர நாலரை மணிநேரம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் கேட்குமுன் நேராகப் போய்க் குப்புறப் படுத்தேன்.

சாயங்காலம் போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை, எனக்கு மட்டும் அனுப்பியிருந்தான்:

“தையல் வெளிய இருக்கணும் மச்சான், நாளைக்கு வரும்போது திருப்பிப் போட்டுக்கினு வா.”