சங்கு ஊதியதும் அத்தை அழைக்கும் பெயர்கள்

சென்ற வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் திருமணத்தை முன்னிட்டு வெள்ளையடித்தார்கள். டப்பாக்களில் வரும் வண்ணங்களை நம்பாத மனிதர் ஒருவர் இத்தெருவில் இன்னும் மிஞ்சியிருப்பதே எனக்கு வியப்பு. தகரப் பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது குமுறிக் கொதித்தது. அதன் ஆவி சன்னல் வழியே வந்து தொண்டையை மெல்லக் கவ்வியது. நான் கையிலிருந்த நாளிதழைத் தாழ்த்தினேன். காலை வேளையில் எதற்காகவும் நாளிதழைத் தாழ்த்துகிற வழக்கம் எனக்கு இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்தவளுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஆனால் அந்த மணம் ஒழுங்குகளை மதிப்பதாகத் தெரியவில்லை.

நிலக்கரி தோண்டும் ஊர்களில் எல்லாம் கறுப்பாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். நான் மருமகளாகப் போன ஊரில் எல்லாமே வெளுப்பு. ஆலங்குளம் சாலையில், மானாவாரிப் பருத்திக் காடுகளுக்கு நடுவே, தனியார் ஒருவருடைய சுண்ணாம்புக்கல் குவாரி இருந்தது. பெயர் வேண்டாம், அதன் முதலாளியும் இன்றில்லை, குவாரியும் இன்றில்லை. அதன் விளிம்பில் தொழிலாளர்களுக்கென இரண்டு வரிசை லைன் வீடுகள். வேப்பிலை வெளுப்பு, ஆட்டின் முதுகு வெளுப்பு, காக்கைகூடக் கொஞ்சம் வெளுப்பு. முருங்கைக் கீரையை நான்கு தண்ணீரில் அலசினாலும் பல்லில் ஏதோ நெறுநெறுக்கும். வேலை முடிந்து வரும் ஆண்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒருவரைப் போலவே இருப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அத்தையின் வாழ்க்கையே இதில்தான் திரும்பியது.

நான் கல்லூரியில் பட்டம் பெற்றவள். தந்தையார் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எழுத்தர். மாப்பிள்ளை பட்டயம் படித்துவிட்டுக் குவாரியில் ஃபோர்மேனாக இருந்தார். என் தோழியருக்கு நான் எழுதிய கடிதங்களில் அவர் 'சுரங்கப் பொறியாளர்' ஆகிவிட்டிருந்தார். அது பொய் என்று நான் கருதவில்லை. மொழிபெயர்ப்பு என்று கருதினேன்.

மாமியார் சீனியம்மாள். நாங்கள் அத்தை என்போம். எலும்பும் தோலுமான உருவம். ஆனால் குரல் மட்டும் பருத்திக்காட்டைத் தாண்டிக் கேட்கும். மூன்று மகன்கள். மூத்தவர் முனியசாமி பாறையில் துளை போடும் எந்திரம் ஓட்டினார். அடுத்தவர் குருசாமி லாரி ஓட்டினார். இளையவரான என் கணவர் அழகர், அந்தத் துளைகளில் மருந்து நிரப்பி வெடிக்கும் பொறுப்பில் இருந்தார். மூத்த மருமகள் மாரி, அடுத்தவள் கனி, கடைசியாக நான். அத்தைக்கு என் பெயர் நாவில் புரளாது. அதனால் 'இளையவளே' என்றே அழைப்பார்.

நாள்தோறும் நண்பகலில் வெடி. அதற்குமுன் எச்சரிக்கைச் சங்கு ஊதும். பாதையில் சிவப்புக் கொடி ஏறும். குழிக்குள் இருப்பவர்கள் வெளியேறுவார்கள். அந்த நேரம் அத்தை, கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, லைன் கடைசியிலிருந்த வேம்பின் கீழ் ஒரு கல்லின்மேல் ஏறி நிற்பார்.

"ஏலே முனியசாமி!"

கொடிப் பக்கத்திலிருந்து, "இருக்கேன்மா!"

"ஏலே குருசாமி! ஏலே அழகரு! ஏட்டி மாரி! ஏட்டி கனி! ஏட்டி இளையவளே!"

ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். வெடித்துப் புழுதி அடங்கியதும் மறுபடியும் ஒருமுறை. தலைகளை எண்ணுவது ஆகாது என்பது அவர் நம்பிக்கை; ஆகவே பெயர்கள். என் கணவர் மறைவிடத்தில், வெடிப்பெட்டியின் கைப்பிடி அருகே குந்தியிருந்தபடி "இருக்கேன்" என்பார். "மேனேஜரு விசில் அடிச்சா பத்தாதுப்பா, சீனியம்மா ஆர்டர் போட்டாத்தான் வெடி" என்று தொழிலாளர்கள் சிரிப்பார்கள்.

எனக்கோ அது பெருத்த அவமானமாக இருந்தது. நடுத்தெருவில் என்னை ஏட்டி என்பதும், அதற்கு நான் பதில் கத்துவதும்! முதல் வாரம் நாகரிகமாக வாசலுக்கு வந்து முகத்தைக் காட்டினேன்.

"மூஞ்சி எதுக்குட்டி? சத்தம் குடு!"

"பார்த்தீர்களே, அத்தை."

"நான் பாத்தது எம்புட்டோ இருக்கு. சத்தம் குடு."

அவர் பார்த்தது என்னவென்று மாரியக்காள்தான் பிறகு சொன்னாள். மாமனார் காலத்தில் ஒருநாள், சங்கு ஊதியதும் அத்தை குவாரிப் பக்கம் பார்த்திருக்கிறார். கொடியருகே வெள்ளைப் புழுதி படிந்த ஒருவர் தோளில் துண்டோடு நின்றிருக்கிறார். அவர்தான் என்று நிம்மதியாக உலையில் அரிசியைப் போட்டிருக்கிறார். நின்றவர் வேறொருவர். மாமனார் குழிக்குள் இருந்தார். அன்றுமுதல் அத்தை கண்ணை நம்புவதை விட்டுவிட்டார். காது பொய் சொல்லாது என்று முடிவு செய்துகொண்டார்.

இதைக் கேட்டபின் நானும் குரல் கொடுத்தேன். ஆனால் தாழ்ந்த குரலில், வகுப்பறையில் வருகைப் பதிவின்போது சொல்வதுபோல. அத்தை காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கொசு கத்துதா?" என்பார். லைன் முழுதும் சிரிக்கும்.

மறு ஆண்டு இராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. காலைப் பேருந்தில் போய் மாலைப் பேருந்தில் திரும்புவேன்; அதனால் அத்தை என்னை அழைப்பது விடுமுறை நாள்களில் மட்டும் என்றாயிற்று. புழுதி தெரியாதிருக்க வெளிர்நிறப் புடவைகளாகவே கட்டினேன். உடன் வேலை பார்த்தவர்கள் அதை எளிமை என்று புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. வீடு எங்கே என்றால், "ஆலங்குளம் பக்கம், குவார்ட்டர்ஸ்" என்பேன். அந்தச் சொல்லுக்குள் தோட்டமும் வாயிற்கதவும் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அந்த ஆசிரியைகளில் இருவர், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்திருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றின்மேல் பெருமாளைச் சேவித்துவிட்டு, வாடகைக் காரில் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். நான் அப்போது மோட்டார்க் கிணற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிணறு கொடிக்கு அப்பால், குவாரியை ஒட்டி இருந்தது. சங்குக்கு முன் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. காலையில் அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். பாதையில் வந்த காரைக் கண்டதும் பதறி, வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஏறி வந்து, வீட்டில் உட்காரவைத்துச் சன்னல் திரையை இழுத்துவிட்டேன். புழுதி தெரியாமலிருக்கத்தான். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

சாத்தூர்க் காராச்சேவைத் தட்டில் வைத்தேன். மலைக்கோயிலில் கூட்டம் எப்படி என்று கேட்டேன். சங்கு ஊதியது. மூன்று வீடு தள்ளி வேம்படியிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. முனியசாமி, குருசாமி, அழகர், மாரி, கனி.

"ஏட்டி இளையவளே!"

ஆசிரியைகளில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யார் டீச்சர் இது, இப்படிக் கத்துறாங்க?"

"பக்கத்து வீட்டு அம்மா," என்றேன். "யாரையோ கூப்பிடுகிறார்கள்."

சொன்ன பிறகு எப்படிக் குரல் கொடுப்பது? இரண்டாம் முறை அழைத்தார். மூன்றாம் முறை குரல் சற்று உடைந்தது. நான் காப்பியை ஆற்றினேன். எவ்வளவு நிதானமாக ஆற்றினேன் என்பது இன்றும் என் கையில் இருக்கிறது. நுரை ஒரு துளிகூடச் சிந்தவில்லை. நான்காம் முறை குரல் வரவில்லை. அடங்கிவிட்டார் என்று ஆறுதலடைந்தேன்.

மாரியக்காள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அடிப்பாவி, இங்கனயா இருக்க? அத்தை கெணத்துக்கு ஓடுதாகட்டி! கொடியத் தாண்டிட்டாக!"

அதன்பின் நடந்தது கனவில் நடப்பதுபோலவே எனக்கு நினைவிருக்கிறது. செருப்பில்லாமல் ஓடுகிறேன்; தரை பஞ்சுபோல இருக்கிறது; வெயிலில் பாதை முழுதும் ஒரே வெண்மை; தூரத்தில் ஒரு சிறிய வெள்ளைப் புடவை நகர்கிறது. "அத்தே! நான் இங்க இருக்கேன், அத்தே!" என்று ஒருத்தி கத்துகிறாள். அது என் குரல் என்பது கொடிக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வெடி வெடிக்கவில்லை. மேனேஜர் இருமுறை விசில் அடித்தும் என் கணவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எங்கம்மா கூப்பிட்ட ஆள்ல ஒரு குரல் வரல சார். நான் அமுக்க மாட்டேன்" என்றாராம். அதற்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தை திரும்பி வந்தார். அவசரத்தில் நான் கிணற்றடியில் விட்டுவந்த என் ஈர ரவிக்கையை மார்போடு அணைத்திருந்தார். துணி கிடக்கிறது, ஆள் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்து எத்தனை முறை அழைத்தாரோ. என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். வீட்டு வாசலில் என் விருந்தினர்கள் வெளிறிப்போய் நின்றிருந்தார்கள்.

"வந்த பிள்ளைகளுக்குக் காப்பி குடுத்தியா?" என்றார்.

அவர்களில் ஒருவர், ஒரு சூதும் இன்றி, "இவங்கதானா டீச்சர், நீங்க சொன்ன பக்கத்து வீட்டு அம்மா?" என்றார்.

அத்தையின் கண் ஒரு கணம் என்மேல் நின்றது.

"ஆமா தாயி," என்றார். "பக்கத்து வீடுதான்."

அந்த ரவிக்கையை வாசல் துணிக்கொடியில் உதறிப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள், மாரியக்காள் வீட்டுக்குள், நடந்து போனார். என் மரியாதை முழுதாகத் தப்பியது. அதை அவர்தான் காப்பாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் சங்கு ஊதியது. முனியசாமி, குருசாமி, அழகர், மாரி, கனி. அதோடு நிறுத்திவிட்டுக் கல்லிலிருந்து இறங்கினார். என்னிடம் முகம் கோணவில்லை. சோறு போட்டார், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார், பேருந்துக்கு நேரமாயிற்று என்று விரட்டினார். பெயர்வரிசையில் மட்டும் நான் இல்லை. விடுமுறை நாள்களில் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கனியின் பதிலுக்குப் பிறகு ஓர் அமைதி வரும். எந்தத் தெருவில் அழைக்கப்படுவதை அவமானம் என்றேனோ, அந்தத் தெருவில் அழைக்கப்படாமல் நிற்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் நான் படித்த மன்னிப்புச் சொற்கள் எல்லாம் கடிதத்துக்கு உரியவை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. சங்கு ஊதியதும் தெருவுக்கு வந்து வேம்புக்கு எதிரே நின்றேன். கனி குரல் கொடுத்து முடித்தாள். அத்தை இறங்கக் காலை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, என் வாழ்நாளில் அதுவரை செய்யாத அளவில், "நானும் இருக்கேன் அத்தே!" என்று கத்தினேன்.

லைன் முழுதும் வாசலுக்கு வந்துவிட்டது. அத்தை திரும்பாமலே கேட்டார்:

"யாருட்டி அது? பக்கத்து வீட்டுக்காரியா?"

"இல்ல அத்தே. இளையவ."

"அப்பச் சரி." குவாரிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏலே அழகரு! இருக்காடா உம் பொண்டாட்டி. போடு!"

பூமி ஒருமுறை குலுங்கிற்று. புழுதி அடங்கியதும் நடந்த இரண்டாம் அழைப்பில் என்னைத்தான் முதலில் அழைத்தார். என்னுடைய பதவி உயர்வு ஆணைகள் எதற்கும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

கல் தீர்ந்து குவாரியை மூடினார்கள். மூத்த குடும்பம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. குருசாமி அத்தானும் கனியும் மகன் பட்டாளத்தில் இருந்த ஊருக்கு. அத்தை எங்களோடு இராஜபாளையம் வந்தார். நண்பகலில் அங்கே நூற்பாலையின் சங்கு ஊதும். நினைவு மங்கிய பிறகு, அது ஊதியதும் அத்தை எழுந்து வாசற்படியில் நிற்பார். "ஏலே முனியசாமி!" முனியசாமி அத்தான் அப்போது உயிரோடு இல்லை. முதல் நாள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் வராததால் அவர் படியிறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கினார். ஓடிப்போய்ப் பிடித்தேன். அதன்பின் விடுமுறை நாள்களில் எல்லாப் பெயர்களுக்கும் நானே குரல் கொடுத்தேன். பள்ளி நாள்களில் என் கணவர். எதிர்வீட்டு வழக்கறிஞர், தலைமையாசிரியை அம்மாள் ஆண்குரலில் "இருக்கேன்மா" என்று கத்துவதைப் பார்த்து நாளிதழுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். பரவாயில்லை. எல்லாப் பெயர்களும் முடிந்ததும் அத்தை அமைதியாக உள்ளே வந்து சாப்பிடுவார்.

நூற்பாலையின் சங்கு நின்று பல ஆண்டுகளாகின்றன. குவாரியில் இப்போது தண்ணீர்தான், ஆகாயத்தைவிட நீலமாக. லைன் வீடுகளின் சுவர்கூட மிஞ்சவில்லை. அத்தை, மாரியக்காள், கனி, கடைசியாக என் கணவர், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஓய்வுபெற்றுத் திரும்பி வந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், கடைத்தெருவில் என்னைப் பெரிய டீச்சர் என்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி. எல்லாம் மரியாதையான பெயர்கள்தான். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. என்னை இளையவளே என்று அழைக்கக்கூடிய வயதில் இப்போது ஒருவரும் இல்லை.