கன்னத்தில் வைத்துப் பார்த்த கதவு

என் மேசையில் கடிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு கதவுத் துண்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம். இரண்டு வெள்ளைத் தகடுகள், நடுவே நாலு சென்ரிமீற்றர் மஞ்சள் நுரை. தடிப்பாக வெண்ணெய் பூசிய பாணைக் குறுக்கே வெட்டியதுபோல இருக்கும். ஜேர்மனியில் எசன் நகரில் கராஜ் கதவு விற்றுப் பொருத்தும் சிறிய கொம்பனி ஒன்றில் நான் வேலை செய்த காலத்து மாதிரித் துண்டு அது. வாங்க வருகிறவர்கள் அதை விரலால் தட்டிப் பார்ப்பார்கள், சிலர் முகர்ந்தும் பார்ப்பார்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தவர் ஓவசியர் அண்ணை ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்தில் மதகும் பாலமும் கட்டுவித்த ஓவசியர் அவர். தொண்ணூறுகளில் மகனோடு அகதியாக வந்தவர். அகதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்வர முடியாது. மனைவியோ, வீட்டை விட்டால் யாராவது வந்து குந்திவிடுவார்கள் என்று அங்கேயே இருந்துவிட்டார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் மகன் வரிசை வீடொன்று வாங்கினான். கூடவே ஒரு கொங்கிறீற் கராஜ், துருப்பிடித்த கதவோடு. புதுக் கதவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நுரை வைத்ததா, ஒற்றைத் தகடா என்று தகப்பனும் மகனும் இரண்டு வாரமாக இழுபறிப்பட்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல நான் போனேன். ஊரில் பட்டம் பெற்று, இரண்டு அலமாரிப் புத்தகம் படித்து, கடைசியில் கதவில் வந்து நின்றவனிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டால் அவன் எப்படி விடுவான்?

“கார் நிக்கிற இடத்துக்கு என்னத்துக்கு அண்ணை போர்வை?” என்றான் மகன். “நீங்களே அப்பாவுக்குச் சொல்லுங்கோ.”

“தம்பி, இதைப் போட்டால் உள்ளுக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்?” என்று ஓவசியர் அண்ணை கேட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அண்ணை, மூண்டு பக்கமும் வெறுங் கொங்கிறீற். கதவுக்கு மட்டும் நுரை வைக்கிறது வேட்டி இல்லாமல் தலைப்பாகை கட்டுற மாதிரி. அதோடை, நுரை சூட்டை உண்டாக்காது. இருக்கிற சூட்டைத்தான் பிடிச்சு வைக்கும். காரைத் தவிர இதுக்குள்ளை சூடான சாமான் என்ன இருக்கு?”

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஓவசியர் அண்ணை மாதிரித் துண்டைக் கன்னத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “ஓம், நீர் சொல்லுறது சரி” என்று திருப்பித் தந்தார். பாலம் கட்டிய ஓவசியரையே வென்றுவிட்ட பெருமையோடு அளவெடுக்கத் தொடங்கினேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதன்மேல் மடித்த கம்பளி. இடைஞ்சலாக இருந்ததால் தூக்கி வெளியே வைத்தேன். அளவு முடிந்ததும் அவர்தான் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் அதே மூலையில் வைத்தார். ஒரு மில்லிமீற்றர் பிழைக்காமல் அளந்த கண்ணுக்கு அந்தக் கதிரை தெரியவில்லை.

நாங்கள் பொருத்திய ஒற்றைத் தகட்டுக் கதவின் சுருள்வில்லை இறுக்கிக் கொடுக்க ஜனவரியில் போனேன். சனிக்கிழமை காலை. தட்டக் கை ஓங்கியபோது உள்ளே பேச்சு. ஒற்றைத் தகடு குளிரையும் மறிக்காது, குரலையும் மறிக்காது.

“சாப்பிட்டனீரோ? ... ஓம், ஓம், நல்ல சூடாய்த்தான் இருக்கிறன். ஹீற்றருக்குப் பக்கத்திலை. ... கிணத்து மோட்டரைத் திருத்துறவனைக் கொண்டு பாப்பியும். ... சரி, வைக்கிறன், இஞ்சை பிள்ளையள் வருகினம்.”

பிள்ளைகள் யாரும் வரவில்லை. கதவு மேலே போனது. உள்ளே ஓவசியர் அண்ணை: தடித்த கோட்டு, காதை மூடிய தொப்பி, கையுறை போட்ட கையில் வீட்டின் கம்பியில்லாத் தொலைபேசி. மூக்கு சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் அவருக்கு வெட்கம்.

“வீட்டுக்கை பேத்தி படிக்கிறவள், தம்பி. எனக்குக் கத்திக் கதைச்சுத்தான் பழக்கம். மெல்லமாய்க் கதைச்சால் எனக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு ஊரிலை மனிசிக்குப் பயம் வந்திடும். இதுக்கை பத்து நிமிசத்துக்கு மேலை ஏலாது, விரல் விறைச்சுப் போகும்.”

“கதவை மாத்தித் தாறன் அண்ணை.”

“வேண்டாம். மாத்தினால் மகன் ஏனெண்டு கேப்பான். நீர் சொன்னது சரிதானே, சுவர் கொங்கிறீற்.”

சுருளை இறுக்கினேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. நுரைக் கதவு பிடித்து வைக்கக்கூடிய வெப்பத்தை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இரண்டு மூன்று பாகை வரும், கதிரைக்கும் கம்பளிக்கும் இடையில் இருக்கிற ஒரு மனிதருக்கு இன்னும் பத்து நிமிடப் பேச்சு. மகனிடம் வேறு காரணம் ஒன்று சொல்லியிருக்கலாம். காரணம் கட்டுவதில் நான் சோடை போனவனல்ல. அடுத்த மாரிக் குளிருக்கு முன்னரே அவர் மனைவி, அந்த அக்கா, ஊரில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போன அன்று கராஜ் திறந்து கிடந்தது. கதிரையின்மேல் காரின் குளிர்கால ரயர்களை அடுக்கியிருந்தார்கள்.

இப்போது என் மகள் கார்ல்ஸ்ரூஹே நகரில் படிக்கிறாள். அவள் தாய் என்னை விட்டுப் போய் ஐந்து வருடம்; மூன்று அறையில் நானும் அலமாரிகளும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தொலைபேசி எடுப்பாள்.

“அப்பா, குளிருதோ?”

“இல்லையம்மா, ஹீற்றருக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன்.” என் விஷயத்தில் அது உண்மை. கத்தியும் கதைக்கலாம், பக்கத்து அறையில் ஒருவரும் படிக்கவில்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்லி அவள் வைத்துவிடுவாள். யாரும் தட்டிய சத்தம் எனக்குக் கேட்பதில்லை.

போன ஞாயிறு அப்படி வைத்த பிறகு, கடிதங்களின் மேலிருந்த துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். தகடு முதலில் சில்லென்று கடித்தது. எடுக்காமல் பிடித்திருந்தேன். மெல்ல மெல்ல என் சூட்டையே அது எனக்குத் திருப்பித் தந்தது. பக்கத்தில் யாரோ கன்னத்தை வைத்திருப்பதுபோல. அன்று ஓவசியர் அண்ணை அதைத் திருப்பித் தர ஏன் அவ்வளவு நேரம் எடுத்தார் என்று நான் கேட்கவேயில்லை.