மாஸ்க்குக்காக எடுத்த மீசை

அரியலூர் பக்கம் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் தண்ணீர் நிரம்பி, பெரிய பம்ப் ஒன்று அடியில் கிடந்தது. அதை எடுக்க ஒப்பந்தக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார். ஒருவன் தூத்துக்குடியிலிருந்து வந்த கடல்காரன். மற்றவன் நான்.

கிணற்றில் விழுந்த மோட்டாரை மூச்சடக்கி எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஊரெல்லாம் போர்வெல் போட்ட பிறகு என்னைக் கூப்பிட ஆளில்லை. இந்த வேலையும் போனால் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும். ஆனால் முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு நான் இறங்கியதே இல்லை.

"புது ஆளு. எது சரியா இருக்கும்னு நீயே பாத்துக் குடு" என்று ஒப்பந்தக்காரர் கடல்காரனிடம் சொல்லிவிட்டார். அவன் பழைய சாமான் மூட்டையை என் காலடியில் கவிழ்த்தான்.

"கெணத்துத் தவளைக்கு இதெல்லாம் எதுக்குலே? சரி, துடுப்பக் கால்ல மாட்டு. குதிகால் ஆடுனா வேற எடு."

மூன்றாவது ஜோடி பொருந்தியது. அடுத்தது கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்.

"வாரை மாட்டாத. மூஞ்சில வச்சு மூக்கால இழு. கைய விட்டாலும் ஒட்டி நிக்கணும்."

நான்கு மாஸ்க்கும் ஒவ்வொன்றாக விழுந்தன.

"மாஸ்க்குல கோளாறு இல்ல. ஒம் மீசைதான் காத்த விடுது. செரச்சிட்டு வா."

"எங்கப்பா இருக்காருங்க" என்றேன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிற அன்றுதான் எங்களில் மகன் மீசை எடுப்பான்.

"அப்ப ஒங்கப்பன எறங்கச் சொல்லுலே."

கூலியாட்கள் சிரித்தார்கள். ஒப்பந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடியாதுன்னா சொல்லிடுப்பா. வேற ஆளப் பாக்குறேன்."

வேன் கண்ணாடியைப் பார்த்துப் பிளேடால் முழுவதையும் மழித்தேன். மாஸ்க் கப்பென்று ஒட்டியது. அவனோடு இறங்கி, பம்பில் கயிறு கட்டிவிட்டு மேலே வந்தேன்.

கரையில் அவனும் மாஸ்க்கைக் கழற்றினான். நான் யார் முகத்தையும் நேராகப் பார்க்கிறவன் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். அவனுக்கு அடர்த்தியான மீசை இருந்தது. மூக்கை ஒட்டி மட்டும் மெல்லிய கோடாக மழித்திருந்தான்.

"இவ்ளோ எடுத்தா போதுமா?"

"போதும்."

"முன்னாடியே சொல்லலயே."

"நீ கேக்கல. மூஞ்சப் பாத்துப் பேசத் தெரியாதவனுக்கு நான் என்னலே செய்ய?"

அவனை மறுபடி தண்ணீரில் தள்ளிவிடத் தோன்றியது. துடுப்பைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"யாருக்குடா கொள்ளி வச்சிட்டு வர? நான் இன்னும் உக்காந்து தின்னுகிட்டுதான இருக்கேன்?"

மாஸ்க், காற்று, வேலை என்று ஏதோ உளறினேன். கோடு மட்டும் எடுத்திருந்தால் போதும் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

கயிற்றுக்கு அசையாத பம்பைக் கழற்றித் துண்டு துண்டாக மேலே ஏற்ற ஒன்பது நாள் ஆனது. தினமும் அந்தக் கோட்டை மட்டும் மழித்துக்கொண்டு போனேன். மற்ற இடத்தில் மீசை முளைத்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.