முந்நூறு வாத்தும் ஒரு பழைய சட்டையும்

என் தம்பி பொண்டாட்டிக்குப் பேர்னு ஒண்ணு இருக்கத்தான் இருக்கு. ஆனா இந்தத் தெருவுல அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டீங்கன்னா, அப்படி யாரும் இங்க இல்லையேன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வாத்தம்மா வீடு எதுன்னு கேளுங்க, நாலு பேர் கூடவே வந்து விட்டுட்டுப் போவாங்க. நான் அவளுக்கு நாத்தனார். வீட்டு முன்னறைல தையல் கடை வெச்சிருக்கேன். கல்யாணம் வேண்டாம்னு இருந்துட்டேன், அதுக்கு இப்ப என்ன? எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அப்படிச் சொல்றவங்க துணியை நான் தைக்கறதில்ல.

அவ எங்க வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. வந்தப்போ வாத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு ஆபீஸ்ல தட்டச்சு வேலை பார்த்துக்கிட்டிருந்த பொண்ணு. எங்க வீட்டுக்குப் பின்னாடி பள்ளமா ஒரு நிலம் கிடந்துச்சு. எதை நட்டாலும் தண்ணி நின்னு அழுகிப் போயிடும். என் தம்பி அதை வித்துத் தொலைச்சிடலாம்னு சொல்லிக்கிட்டே இருப்பான், ஆனா அவன் சைக்கிள் கடையை விட்டு எழுந்திரிச்சாத்தானே! இவ ஒரு நாள் ஜன்னல் வழியா அதையே பார்த்துக்கிட்டு நின்னா. "தண்ணி நிக்குதுன்னு நாமதானே அழறோம் அண்ணி? தண்ணியில சந்தோஷமா இருக்கறது எதையாவது வளர்க்கலாமே"ன்னா. அடுத்த வாரம் ஒரு கூடையில முப்பது வாத்துக்குஞ்சு வந்து இறங்குச்சு.

வாத்துன்னா நீந்தும்னுதானே எல்லாருக்கும் தெரியும்? இவளும் அப்படித்தான் நினைச்சா. பொறந்து ரெண்டே நாள் ஆன குஞ்சுங்களைத் தூக்கி ஒரு டப்புல விட்டா. ஐயோ, அதுங்க நீந்தின அழகைப் பார்க்கத் தெருவே வந்துச்சு. மறுநாள் காலைல ஒன்பது குஞ்சு விறைச்சுக் கிடந்துச்சு. தாய் வாத்தோட திரியற குஞ்சுக்கு அதும் மேல இருக்கற எண்ணெய் ஒட்டும், நனையாது. மிஷின்ல பொரிச்ச குஞ்சுக்குத் தாய் ஏது, எண்ணெய் ஏது? நனைஞ்சு குளிர்லயே போயிடுச்சு. மூணு நாள் சாப்பிடாம அழுதா. சரி, விட்டது தொல்லைன்னு நான் நினைச்சேன். நாலாம் நாள் மூஞ்சியைக் கழுவிக்கிட்டுப் போயி இன்னும் முப்பது வாங்கிட்டு வந்தா. அழுத்தக்காரி.

அன்னைலேருந்து அவ கத்துக்கிட்டதை எல்லாம் பக்கத்துல இருந்து பார்த்தவ நான். குஞ்சுங்களுக்கு முதல் மூணு வாரம் பல்பு வெளிச்சத்துச் சூடு. தண்ணி வேணும், ஆனா அலகு நனையற அளவுக்குத்தான், உடம்பு நனையக் கூடாது. தண்ணி பக்கத்துல இல்லாம தீவனம் வெச்சா தொண்டைல சிக்கிக்கும், வாத்து ஒரு வாய் தின்னா உடனே ஒரு வாய் தண்ணியைத் தேடி ஓடும். ஆறேழு வாரத்துல ஒவ்வொண்ணா தூக்கிக் காதுகிட்ட வெச்சுக் கேப்பா. தொண்டை கிழியக் கத்தினா பெட்டை. சளி பிடிச்ச கிழவன் மாதிரி இழுத்தா ஆண். "பாருங்க அண்ணி, இதுங்கள்லயும் சத்தம் போடறது பொம்பளைங்கதான்"னு ஒரு நாள் என்னைப் பார்த்துச் சொன்னா. குத்தல்தான், எனக்குப் புரியாமலா?

தூக்கறதுக்குக்கூட ஒரு முறை இருக்கு. கோழியைத் தூக்கற மாதிரி காலைப் பிடிச்சுத் தூக்கினா வாத்துக்குக் கால் போச்சு. ரெண்டு றெக்கையையும் உடம்போட அணைச்சுத் தூக்கணும். விடிகாலைலதான் முட்டை போடும், அதனால எட்டு மணிக்கு முன்னாடி கொட்டகைக் கதவைத் திறக்க மாட்டா. திறந்தா போற வழியில, தண்ணிக்குள்ளன்னு கண்ட இடத்துல போட்டுட்டுப் போயிடும். கதவைத் திறந்ததும் "பா... பா... பா..."ன்னு ஒரு குரல் குடுப்பா. கையில நீளமா ஒரு கம்பு, நுனியில ஒரு பிளாஸ்டிக் பை. அடிக்கறதுக்கில்ல, திருப்பறதுக்கு. முப்பதுல ஆரம்பிச்சது இப்ப முந்நூறு, அத்தனையும் வரிசையா இடுப்பை ஆட்டிக்கிட்டுப் போகும். பின்னாலயே இவளும் அதே நடையில போவா. அதைப் பார்த்துட்டுச் சிரிக்காம இருக்கறவன் மனுஷனே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். இவளுக்கு மூணு வருஷமா ஒரே ஆசை. எல்லாரும் வாங்கித் திங்கற முட்டைய விக்கறோமே, குஞ்சு பொரிக்கற முட்டை குடுக்கணும்னு. அதுக்கு மதிப்பே வேற. நம்ம வாத்தோட வாரிசுங்க ஊர் ஊராப் போகும். பொரிக்கற பண்ணைக்காரர் ஒருத்தருக்கு எழுதிப் போட்டா, போன் பண்ணினா, திரும்பவும் எழுதினா. ஆறு பெட்டைக்கு ஒரு ஆண்னு கணக்கு வெச்சா. கொட்டகைத் தரையில போடற உமியைத் தினம் மாத்தி, அழுக்குப் படாத முட்டையா எடுத்துக் கூர் முனை கீழ பார்க்க அடுக்கினா. கடைசியில அந்த மனுஷன், ஒன்பது நாள் கழிச்சு வந்து பார்க்கறேன்னார். தினம் இருநூறு முட்டையாவது இருந்தாத்தான் எடுப்பாராம். இவகிட்ட அப்ப இருநூத்தி முப்பது வந்துக்கிட்டிருந்துச்சு. தலைகால் புரியல அவளுக்கு.

என் கண்ணுல பட்டது அவ சட்டை. தம்பியோட பழைய கட்டம் போட்ட மஞ்சச் சட்டை ஒண்ணை மேல மாட்டிக்கிட்டுத்தான் வாத்துக்குப் போவா. ஆறு வருஷமா அதே சட்டை. காலர் நைஞ்சு, முழங்கை கிழிஞ்சு, என்ன நிறம்னு அதுக்கே மறந்து போயிருக்கும். என் கடை வாசல் வழியா அதைப் போட்டுக்கிட்டுப் போய் வந்தா என் தொழிலுக்கு என்ன மரியாதை? இதுல வெளியாள் ஒருத்தர் பெரிய மனுஷனா வரப் போறார். நல்ல நீலத் துணியில, ரெண்டு பை வெச்சு, கைக்குப் பட்டி வெச்சு, அளவு கூட எடுக்காம கண்ணாலயே பார்த்துத் தைச்சேன். பழசைக் கேட்டா அவ குடுக்க மாட்டான்னு தெரியும். கொடியில கிடந்ததை எடுத்துக் கத்திரிக்கோலை விட்டேன். மிஷின் எண்ணெய் துடைக்க நல்ல பருத்தித் துணி.

மறுநாள் காலைல புதுச் சட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தா. பழசு எங்கன்னு கேட்டா. சொன்னேன். கொடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. அப்புறம், "நல்லாருக்கு அண்ணி"ன்னு போட்டுக்கிட்டுப் போனா.

அஞ்சு நிமிஷம் ஆகல, பின்பக்கம் இடி விழுந்த மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா முந்நூறும் கொட்டகையோட ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிக்கிட்டிருக்கு. இவ நகராம நின்னு "பா... பா..."ங்கறா. சத்தத்தைக் கேட்டு அத்தனை தலையும் திரும்புது. நீலத்தைப் பார்த்ததும் திரும்பவும் மூலைக்குப் பாயுது. குரல் நம்ம ஆளு, வந்திருக்கறது யாரோன்னு அதுங்க குழப்பம். இவ மெதுவா உக்கார்ந்து, உக்கார்ந்தபடியே பின்னால நகர்ந்து வெளிய வந்தா. நாலு வாத்துக்குக் கால் சுளுக்கு.

"சட்டைக்காடி இந்த ஆர்ப்பாட்டம்?"னு கேட்டேன்.

"அதுங்களுக்கு நான்னா அந்தச் சட்டைதான் அண்ணி. மூஞ்சியை யார் பார்த்தா? நேரம் மாறினா, ஆள் மாறினா, வாளி நிறம் மாறினாக்கூட ஆகாது. பயந்துதுன்னா முட்டையை நிறுத்திடும்."

"தெரிஞ்சுமா போட்டுக்கிட்டுப் போன?"

"நீங்க ஆசையாத் தைச்சுக் குடுத்தீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

எனக்குச் சுரீர்னு ஏறுச்சு. யார் மேலன்னு தெரியாம, "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"ன்னு அவ மேலயே பாய்ஞ்சேன். இப்ப நினைச்சாக் கூசுது.

மறுநாள் முட்டை நாப்பத்தி ஒண்ணு. கடையைச் சாத்தினேன். எண்ணெய் துடைக்கற கூடையைக் கவுத்து மஞ்சத் துண்டு ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். இருபத்தி ரெண்டு துண்டு. ஒண்ணு என் தம்பி கடையில செயின் துடைச்சுக்கிட்டிருந்துச்சு, அதையும் பிடுங்கிக்கிட்டு வந்தேன். சாயங்காலம் வரைக்கும் உக்கார்ந்து எல்லாத்தையும் இணைச்சேன். இருபத்தெட்டு வருஷமா தைக்கறேன், கந்தலைக் கந்தலாவே தைக்கறதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு கை குட்டை, ஒரு கை நெட்டை, முதுகு பூரா எண்ணெய்க் கறை.

அதைப் போட்டுக்கிட்டு அவ உள்ள போனப்போ நான் வேலிக்கு வெளிய மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாத்துங்க கழுத்தை நீட்டிப் பார்த்துச்சு. தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணால பார்த்துச்சு. மறுபக்கம் சாய்ச்சு அடுத்த கண்ணாலயும் பார்த்துச்சு. அப்புறம் கிழட்டுப் பெட்டை ஒண்ணு முன்னால வந்து அவ காலைச் சுத்திச்சு. மத்ததெல்லாம் பின்னாலயே வந்துடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஒத்துக்கறேன்.

ஆனா சமாதானம் வேற, முட்டை வேற. நின்ன முட்டை கேட்டதும் வந்துடுமா? அம்பது, அறுபத்தி ரெண்டு, எழுபத்தி அஞ்சுன்னு நொண்டிக்கிட்டு வந்துச்சு. பண்ணைக்காரர் வர்ற அன்னைக்கு எண்பத்தி எட்டு.

ஆள் நல்ல உயரம், பெரிய மீசை, பழைய வேன். செருப்பைக் கழட்டி, கால் கழுவிட்டுத்தான் கொட்டகைக்குள்ள நுழைஞ்சார். அதுலயே தொழில் தெரிஞ்சவர்னு புரிஞ்சுது. உமியை அள்ளிப் பிசைஞ்சு பார்த்தார். முட்டைத் தட்டுங்களைப் பார்த்தார். "இருநூத்தி முப்பதுன்னு சொன்னீங்களேம்மா?"

நான் வேலிக்கு இந்தப் பக்கம் தண்ணிச் சொம்போட நின்னுக்கிட்டிருந்தேன். அவ என் பக்கம் திரும்பக் கூட இல்ல. "என் தப்புதான் சார். தீவனத்தை மாத்திப் பார்த்தேன். ஒத்துக்கல"ன்னா.

அந்த மனுஷன் முகம் அப்படியே இறுகிப் போச்சு. "வந்து பார்க்கப் போறேன்னு தெரிஞ்சும் தீவனத்தை இஷ்டத்துக்கு மாத்தினீங்களா? உங்களை நம்பி நான் எப்படிம்மா முட்டையைப் பொரிக்கற மிஷின்ல அடுக்கறது?" கையில ஒட்டின உமியைத் தட்டிக்கிட்டு வெளிய வந்துட்டார்.

மூணு வருஷ ஆசை, என் கண்ணு முன்னால நடந்து வேன் பக்கம் போகுது. அவ வாயைத் திறக்க மாட்டா, எனக்குத் தெரியும். எனக்காகத்தான் திறக்க மாட்டா. நான் பொறந்ததுலேருந்து யார்கிட்டயும் என் தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னவ இல்ல. அளவு தப்பாத் தைச்சுட்டாக்கூட, நீங்கதான் குண்டாயிட்டீங்கன்னு சொல்லி அனுப்பறவ. சொம்பைக் கீழ போட்டுட்டு ஓடிப் போயி வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அவ பொய் சொல்றா! தீவனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. அவ சட்டையை வெட்டினது நான். புதுச் சட்டை போட வெச்சது நான். வாத்து பயந்து போச்சு. அவ அதுங்களைப் பெத்த பொண்ணுங்க மாதிரி வளர்த்தா, நான்தான் கெடுத்தேன்!"

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்த ஒட்டுச் சட்டையை மேலயும் கீழயும் பார்த்தார். "சட்டையா?"ன்னார்.

"சட்டைதான்."

அந்த மனுஷன் வேன் மேல சாஞ்சு சிரிச்சார் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "நான் ஒரு தடவை இந்த மீசையை எடுத்துட்டேன்மா. என் வீட்டம்மா நல்லாருக்குன்னா. என் வாத்து ஒண்ணு கூட நல்லாருக்குன்னு சொல்லல. இருபது நாள் முட்டை இல்ல. அன்னைலேருந்து பிளேடு பக்கமே போறதில்ல." அப்புறம் குரலை இறக்கி, "வாத்துங்க ஆளை இவ்வளவு அடையாளம் வெச்சிருக்குதுன்னா, பார்த்துக்கற ஆள் தினம் தவறாம ஒழுங்கா இருக்காங்கன்னு அர்த்தம்"ன்னார். திரும்பவும் கால் கழுவினார், உள்ள போனார். அறுபது முட்டை பொறுக்கி எடுத்துக்கிட்டார். எத்தனை கரு பிடிக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னு கிளம்பினார்.

எட்டாம் நாள் போன் வந்துச்சு. அறுபதுல அம்பத்தி மூணு. எண்ணிக்கை அதுக்குள்ள ஏறிடும், அடுத்த மாசத்துலேருந்து உங்க முட்டைதான் எனக்குன்னார். என் தம்பி கடையில இருந்த பெல்லையெல்லாம் ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டுத் தெருவுல ஓடினான்.

அவ நேரா என் கடைக்கு வந்தா. தைச்சுக்கிட்டிருந்த மிஷின் சக்கரத்து மேல கையை வெச்சு நிறுத்தினா.

"என்னம்மா, அதான் கிடைச்சுடுச்சே"ன்னேன்.

"கிடைச்சுடுச்சு. அன்னைக்கு அவர்கிட்ட சொன்னீங்களே அண்ணி, தப்பு என்னுதுன்னு. அதை இன்னும் எங்கிட்ட சொல்லல."

நான் ஊசியைப் பார்த்தேன், நூலைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். அவ கையை எடுக்கல. எழுந்திரிச்சு நின்னேன். "தப்பு என்னுதும்மா. உன்னைக் கேக்காம வெட்டினேன். அதுக்கு மேல உன்னையே திட்டினேன். மன்னிச்சுக்கோ."

அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நானும் அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும் அண்ணி. இனிமே எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன்."

"சொல்லு, தாராளமா சொல்லு."

"அந்த நீலம் எனக்குப் பிடிக்கவே இல்ல. கை வேற இறுக்கிப் பிடிக்குது."

"என்னடி சொன்ன? என் தையலையா?"ன்னு ஸ்கேலை எடுத்தேன். அவ சிரிச்சுக்கிட்டே கொட்டகைப் பக்கம் ஓடினா, நானும் விடாம பின்னாலயே ஓடினேன்.