கெண்டைக்குத் துணை பார்த்த வருஷம்

பிள்ளைகளே, நேற்றுச் சாயங்காலம் நீங்கள் கால்வாயிலிருந்து பிடித்து வந்த மீசைக்கார மீனை அம்மா கண்ணாடித் தொட்டியில் விடவில்லை. "அது மண்சட்டியில தனியா கெடக்கட்டும், ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றுவிட்டாள். அதற்காக மூன்று பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தீர்கள். "நம்ம அம்மைக்கு மீன் மேலதான் பாசம்" என்று பெரியவள் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. பெரியவளே, அப்படிச் சொல்ல மற்ற இருவரையும்விட உனக்குத்தான் உரிமை குறைவு. ஏன் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து விளையாடப் போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் அச்சுக்கூடத்தில் பிறர் எழுதியதற்கு ஈய எழுத்துக் கோர்க்கிறவன். சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவளுக்கு முன்னே எங்களுக்கு ஒரு பிள்ளை உண்டாகித் தங்காமல் போயிற்று. அடுத்தது உண்டானபோது மூன்றாம் மாதத்திலேயே பழைய அறிகுறி தெரிந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை வேண்டுமென்றால் பிறக்கிறவரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. பதறி ஓடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதை யாரிடம் சொன்னார் தெரியுமா? உங்கள் அம்மாவிடம்! சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவள் அவள். தேரி என்கிற செம்மணல் மேட்டில் குடத்தோடு நடந்து நடந்து பழகிய கால். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த புதிதில் ஆற்றைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா போகுது?" என்று கேட்டவள். ஒரு நாழிகை சும்மா இருக்கத் தெரியாது. டாக்டரம்மாள் சொன்ன பிறகும் நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

அப்போது உங்கள் அத்தைதான் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். மாமா கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்த காலம். என் அக்காள் வாயைப்பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏட்டி, படுக்கச் சொன்னா நிக்கே. நிக்கச் சொல்லியிருந்தா என்ன செய்வே, பனையில ஏறுவியோ?"

"ஏறத்தான் செய்வேன் மைனி. இந்தக் கூரையையே பாத்துக்கிட்டுக் கெடக்கதுக்கு அது எம்புட்டோ தேவலை."

சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். இவளை எப்படிக் கட்டிலில் படுக்க வைப்பது என்பதே எனக்கு இரவும் பகலும் யோசனையாக இருந்தது. இவள் எழுந்தால் அந்தப் பிள்ளையும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அது கால்வாயை அடைத்துத் தூர் வாருகிற காலம். தண்ணீர் வற்றி, ஆங்காங்கே குழிகளில் மட்டும் தேங்கி நிற்கும். ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு குழியை எட்டிப் பார்த்தேன். விரல்நுனி அளவு கெண்டைக் குஞ்சுகள், வாலருகே ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புப் பொட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகத் திரும்பின. பிறகு எல்லாம் சேர்ந்து மறுபக்கம் திரும்பின. நான் நேரம் போனது தெரியாமல் நின்று, அச்சுக்கூடத்தில் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன். வாங்கும்போதே, எனக்கே இப்படி என்றால் படுத்துக் கிடக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது.

வீட்டில் அகன்ற கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஒரு துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருந்ததால் யாரும் கேட்காத இதை நான் எடுத்தேன். அவர்கள் அதில் என்ன வைத்திருந்தார்களோ தெரியாது. அத்தை அதில் உப்பு எலுமிச்சங்காய் போட்டு வைத்திருந்தாள்.

"ஏலே, ஊரெல்லாம் மீனைத் தின்னுதான், நீ அதுக்கு வீடு கட்டிக் குடுக்கியா? என் எலுமிச்சங்காயை எங்கன வைக்க, உன் தலையிலயா?"

"பானையில வை அக்கா. இது அவளுக்கு."

"அவளுக்கு" என்றதும் அத்தை முனகிக்கொண்டே தொட்டியைக் காலி செய்து, உப்பு வாடை போகச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். கட்டிலை ஒட்டி ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தோம். அடியில் ஆற்று மணல், ஒரு கொத்துப் பாசி, ஆற்றுத் தண்ணீர்.

கால்வாய்க் குழியில் துண்டை விரித்து அள்ளியதில் அன்று ஒரே ஒரு கெண்டைதான் கிடைத்தது. அது போய்ப் பாசிக்குள் பதுங்கியது, வெளியே வரவேயில்லை. அம்மா தலையணையில் கன்னத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒத்தையில எதுக்குப் பிடிச்சிட்டு வந்தீங்க? புதுமருமக மாதிரி மூலையில நிக்குது."

"ஆமா, இந்த வீட்டுல மருமகளை மூலையில நிறுத்தித்தான் வச்சிருக்கோம் பாரு! கட்டில்ல ராணி மாதிரி படுக்க வச்சிருக்கோம்" என்றாள் அத்தை, அடுப்படியிலிருந்தே.

மறுநாள் ஒரு கைப்பிடிக் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டேன். பாசிக்குள் கிடந்தது வெளியே வந்தது. அன்று முழுதும் அம்மா எழுந்திருக்கவில்லை. கூட்டம் திரும்புகிற பக்கமெல்லாம் அவள் கண்ணும் திரும்பியது. மழைத்தண்ணீர்ப் பானையிலிருந்து அத்தை கொசுப்புழு மொண்டு கொடுப்பாள். படுத்தபடியே அதைப் போடுவதுதான் அம்மாவுக்கு வேலை. அத்தைக்கும் அவளுக்கும் அதுவரை சமையலையும் ஏச்சையும் தவிரப் பேச்சு இருந்ததில்லை. இப்போது, "மைனி, இங்கன வாங்களேன், கோணவாலன் இன்னிக்குத் தைரியமா முன்னால வாரான்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோணவாலன் என்பது வால் வளைந்த ஒரு கெண்டைக்கு அவள் வைத்த பேர்.

கெண்டைகளுக்கு வேறு துணையும் வேண்டும் என்று முதலில் நினைத்தவள் அத்தைதான். அதை நான் நன்றியோடுதான் எழுதுகிறேன். துறையில் மீன் பிடிக்கிறவரிடம் உயிரோடு கேட்டு வாங்கி, செம்பில் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு மூன்று அயிரை. அவற்றோடு விரால் குஞ்சுகள். விரால் பெரிதானால் கறுத்த முரட்டு மீன். ஆனால் அதன் குஞ்சு இருக்கிறதே, செம்பருத்தி நிறம். தொட்டிக்குள் விட்டதும் குங்குமத்தைக் கரைத்த மாதிரி இருந்தது.

"இதுக ஒத்துப் போகுமா மைனி?"

"ஏன் போகாது? அயிரையும் கெண்டையும் விரால் குஞ்சும் ஒரே கூடையிலதான் வருது, ஒரே குழம்புலதான் கொதிக்குது. என் சட்டில ஒருநாளும் சண்டை போட்டதில்ல."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆற்றங்கரைக்காரர்கள் நாங்கள், மீனைப்பற்றிப் பனங்காட்டுக்காரி எங்களைக் கேட்பதா என்ற எண்ணம். எங்களுக்குத் தெரிந்தது மீனின் ருசி. குணம் யாருக்குத் தெரியும்? குழம்பில் எல்லா மீனும் சாதுதான்.

அயிரைகள் அடிமணலில் மீசையால் துழாவிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தன. விரால் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வெளியே விழுந்து செத்தன. ஒன்று மட்டும் தங்கியது. நாளாக ஆக அதன் சிவப்பு மங்கியது; மங்க மங்க வாய் அகன்றது. பிறகு ஒருநாள் கோணவாலனைக் காணோம். அடுத்து இன்னொன்று. பூனை என்றாள் அத்தை. காக்கை என்றேன் நான். தொட்டியின்மேல் மெல்லிய துணி கட்டினேன். கட்டிய பிறகும் குறைந்தது.

அம்மாவுக்கு ஆறாம் மாதம். நான் அச்சுக்கூடத்தில் இருந்தேன். அத்தை துணி துவைக்கத் துறைக்குப் போயிருந்தாள். உச்சிவெயில். பாசி ஓரத்தில் குச்சி போல அசையாமல் நின்றிருந்தது விரால். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாய்ச்சல். ஒரு கெண்டையின் வால்மட்டும் அதன் வாய்க்கு வெளியே துடித்து, உள்ளே போயிற்று. மிச்சக் கூட்டம் சிதறிக் கண்ணாடியில் முட்டியது. விரால் மறுபடி அசையாமல் நின்றது.

அம்மா ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டாளாம். பிறகு அந்தக் காலைப் பார்த்தாளாம். டாக்டரம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. காலைப் பைய மேலே எடுத்துப் படுத்தாள். யாரையாவது கூப்பிடலாம் என்றால், அவள் குரல் கேட்டால் தெருவே பிள்ளைக்குத்தான் ஏதோ என்று அலறிக்கொண்டு வரும். துறைக்கு ஆள் ஓடும். அத்தை ஈரப்புடவையோடு விழுந்தடித்து வருவாள். அதையும் அவள் யோசித்திருக்கிறாள்.

தலைமாட்டில், அவள் பிறந்த வீட்டிலிருந்து கருப்பட்டி வைத்து அனுப்பிய கொட்டான் இருந்தது. கையளவு ஓலைப்பெட்டி. அதைக் கவிழ்த்துப் பிடித்து, ஒருக்களித்துப் படுத்தபடியே துணியை விலக்கித் தண்ணீருக்குள் கையை விட்டாள். விரால் நழுவியது. மறுபடி முயன்றாள். கடைசியில் கண்ணாடி மூலையில் வைத்து மூடி, மணலோடு அழுத்திக்கொண்டாள். அழுத்தியவள் கையை எடுக்க முடியாது. எடுத்தால் அது வெளியே வந்துவிடும். அத்தை வருகிறவரை அப்படியே கிடந்தாள். கொட்டானில் ஒட்டியிருந்த கருப்பட்டி கரைந்து தண்ணீர் மங்கலாயிற்று. உள்ளே அது முட்டுகிற ஒவ்வொரு முட்டும் விரலில் தெரிந்ததாம். அதே நேரம் வயிற்றில் பிள்ளையும் அசைந்ததாம். "வெளியில ஒருத்தன் முட்டுதான், உள்ள நீ முட்டுதியா? ரெண்டு பேரும் சும்மா கெடங்க" என்று சொன்னதாக அவளே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னாள். பெரியவளே, அது உன்னைத்தான்.

அத்தை துணிமூட்டையோடு உள்ளே வந்து முழங்கை வரை தண்ணீருக்குள் கை விட்டுக் கிடந்தவளைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

"என்னட்டி பண்ணுதே? எந்திச்சியா?"

"எந்திக்கல மைனி. சத்தியமா எந்திக்கல. கை மரத்துப் போச்சு, நீங்க வந்து பிடிங்க. இது தின்னுட்டே இருக்கு."

அத்தை கொட்டானோடு விராலை அள்ளி ஒரு சட்டியில் போட்டு மூடினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மரத்துப்போன அந்தக் கையைத் தேய்க்கத் தொடங்கியவள், தேய்த்துக்கொண்டே அழுதாள். "நான் ஆசையா வாங்கியாந்ததுட்டி அது. செவப்பா இருக்கே, உன் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குமேன்னு வாங்கியாந்தேன்."

"செவப்பா இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு மைனி. வளந்தா இப்படி ஆகும்னு நீங்க என்ன கண்டீங்க?"

நான் வந்தபோது, சாதாரணமாய் அத்தை கையில் அகப்பட்ட விராலுக்கு என்ன கதி என்று தெரிந்தவனாகையால், குழம்பு வாசனையை எதிர்பார்த்தேன். இல்லை. "புள்ளத்தாச்சி முன்னால உசுரு தின்னதை நான் திங்கணுமோ?" என்று அதைக் கொண்டுபோய் வெகுதூரத்துக் குளத்தில் விட்டுவிட்டு வந்தாள். அன்று மூவரும் கட்டிலருகே சேர்ந்து ஜெபம் செய்தோம். தொட்டியில் கெண்டைகள் பாதிக்கும் குறைவு. ஆனால் எங்கள் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அதன்பின் துணை பார்க்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். எது வந்தாலும் முதலில் மண்சட்டி. அதில் அது எப்படித் தின்கிறது, எங்கே நிற்கிறது என்று நாட்கணக்கில் பார்ப்பாள். "ஏங்க, நிறத்தைப் பாக்காதீங்க, வாயைப் பாருங்க. இன்னொண்ணு உள்ள போற அளவுக்கு வாய் இருந்தா வேண்டாம்" என்பாள். குட்டியாக இருந்தாலும் பெரிதானால் எவ்வளவு ஆகும் என்று என்னைத் துறையில் விசாரித்து வரச் சொல்வாள். சாந்தமானதுதான் என்றாலும் எல்லாம் ஒரே இடத்தில் நின்றால் நெருக்கம் என்று, நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் முண்டக்கண்ணியை மேல்தண்ணீருக்கும், கெண்டைகளை நடுவுக்கும், அயிரையை அடிக்கும் என்று பிரித்துவிட்டாள். கெண்டைகளைப் பழையபடி ஒரு கூட்டமாக்கவும் மறக்கவில்லை. முண்டக்கண்ணியிலும் விரல்நீளத்துக்குமேல் வளர்ந்தவை வேண்டாம் என்று கழித்தாள். இவ்வளவும் படுத்த இடத்திலிருந்தே. எனக்குச் சில நாள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும்போது, இவளுக்கு வீடு நடத்தத் தெரியும் என்ற நினைப்பு வந்து ஒரு தெம்பு உண்டாகும்.

ஐப்பசி மழையில் ஆறு கலங்கி ஓடிய வாரத்தில் பெரியவள் பிறந்தாள். டாக்டரம்மாளும் அத்தையும்தான் உள்ளே இருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் நான் முற்றத்து மழையிலேயே முழங்கால் போட்டுவிட்டேன். சளி பிடித்தது, அது வேறு கதை.

எழுந்து நடக்கலாம் என்று டாக்டரம்மாள் சொன்ன அன்று, அத்தை பிள்ளையை வைத்துக்கொள்ள, என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். முதலில் தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் சுருங்கியது.

"என்னங்க இது, எல்லாம் கறுப்பா முதுகுதான் தெரியுது. பொட்டையும் காணோம், ஒண்ணையும் காணோம்."

"மேலயிருந்து பாத்தா அப்படித்தான்" என்றேன். "நாங்கள்லாம் எப்பவும் இப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

பிறகு, அத்தனை மாதம் எப்போது எழலாம் என்று அழுதவள், தானாகவே போய்க் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பிள்ளையை வாங்கித் தன் பக்கத்தில் தொட்டியைப் பார்க்கும்படி கிடத்திக்கொண்டாள்.