அரைப்போசி ராகி

அந்தப் புரட்டாசியில் முக்கால்வாசி நாள் எங்கள் வீட்டில் களிதான். காலையில் களி, ராத்திரி களி, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மட்டும் சோறு. கேட்டால், "தின்னு, எலும்புக்கு நல்லது" என்பாள் அம்மா. அதற்கு முன்பு எங்கள் எலும்பைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை.

ஓசூருக்கு வெளியே, கம்பெனிகளின் பின்சுவரை ஒட்டி இருந்தது எங்கள் ஊர். அம்மா கெலமங்கலத்துப் பக்கம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவள். அப்பாவும் சித்தப்பாவும் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அப்பாவுக்குத் தமிழிலேயே பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துச் சித்தப்பா பேசிவிடுவார்.

தெருமுனையில் மாவு மில். அதை நடத்தியவளை ஊரே மில்லக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள். ராகி அரைபட்டு விழும்போது ஒரு சிட்டிகை மாவை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்து, "சாகா?" என்பாள். நைஸ் போதுமா என்று அர்த்தம். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாகு" என்று சொல்ல வேண்டும். போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்திருந்த சொல் அது. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் மறக்காத சொல்.

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர்த் தகராறு முற்றியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைக் கொளுத்தினார்கள். பஸ்ஸெல்லாம் எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியோடு நின்றன. ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்து தாண்டினார்கள். மில்லக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வண்டி தமிழ்நாட்டு நம்பர் என்பதால், அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு தோப்புக்குள் நிறுத்திவிட்டு ஒளிந்திருந்தார். அதே சமயத்தில் இந்தப் பக்கம் அவர் மனைவியைக் கன்னடக்காரி என்று சொல்லி ஒரு கும்பல் வந்தது.

நான் அப்போது மில்லுக்குள் இருந்தேன். முதல் கல் பெயர்ப்பலகையில் விழுந்தது. அதில் மேலே தமிழும் கீழே கன்னடமும் எழுதியிருக்கும். கல் இரண்டையும் சேர்த்தே உடைத்தது. அடுத்த கல்லில் டியூப்லைட் நொறுங்கி மில்லக்காவின் முழங்கையைக் கிழித்தது. அவள் ரத்தத்தோடு வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கி, "சாகு! சாகு!" என்று கத்தினாள். கும்பலின் முன்னால் கட்சித் துண்டு போட்ட ஒருவர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பா. சித்தப்பா கையில் கல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் தெருவில் நாலு பேர் சேர்ந்து வந்தால் நான் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

"நாளைலேர்ந்து இந்த மில்லு ஓடக் கூடாது. ஓடுச்சு, கொளுத்திருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார் கட்சித் துண்டுக்காரர்.

அன்றைக்குச் சாப்பிடும்போதும் சித்தப்பாவுக்குச் சூடு இறங்கவில்லை. "நம்ம மண்ணுல இருந்துக்கிட்டு நம்மளயே சாவு, சாவுன்னு சொல்லுதா மதினி. கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்லுதீயளா?"

"சாவுன்னு சொல்லல கொழுந்தனாரே. சாகுன்னு சொல்லியிருக்கா. கல்லு போதும்டான்னு கெஞ்சியிருக்கா."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணா? சரி, இனிமே சோறு போடறப்போ நீங்க போதும்னா, நானும் சாவுன்னே எடுத்துக்கறேன்."

அப்பா சிரித்துவிட்டார். சித்தப்பா தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு போசிப் பாத்திரத்தில் பாதிக்கு ராகியைப் போட்டு என் கையில் கொடுத்து, "வா" என்றாள். வயிறு வலிக்கிறது என்றேன். உண்மையிலேயே வலித்தது. "நடந்தா சரியாப் போயிரும்" என்றாள்.

மில் ஷட்டர் மூடியிருந்தது. வாசலில் எங்களுக்கு முன்பே பெண்கள் டப்பாவும் தூக்குமாக நின்றார்கள். தெலுங்கு வீட்டு அத்தை, எதிர்வீட்டுப் பெரியம்மா, கட்சித் துண்டுக்காரரைப் பெற்ற அம்மாவும்கூட. அம்மா ஷட்டரைத் தட்டினாள்.

"அக்கா, மில்லைப் போடு. புள்ளைங்க பசியோட நிக்குது."

உள்ளே, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போகத் துணி கட்டிக்கொண்டிருந்தாள் மில்லக்கா. "பேடாம்மா, வேண்டாம், கொளுத்திடுவாங்க" என்று அழுகைக் குரல் வந்தது.

"நாங்க உள்ள நிக்கறப்போ எவன் கொளுத்தறான்னு பாக்கலாம். நீ தெற."

ஷட்டர் மேலே ஏறியது. மோட்டார் சத்தம் கேட்டதும் கும்பல் வந்தது. கட்சித் துண்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

"மாவு அரைக்க. நீ?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். கூட வந்தவர்களும் போனார்கள். நாளைக்கு வருவார்களே, நாளை மறுநாள் வருவார்களே என்று நான் பயந்தேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அரைப்போசி. முன்பெல்லாம் ஒரே தடவையில் ஒரு சாக்கு ராகியை அரைத்துக்கொண்டு வருகிற அம்மா, காலையில் பாதிப் போசி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாதிப் போசி என்று என்னை அலைய விட்டாள். அரைத்து வந்ததெல்லாம் களியானது. தெருவிலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெண்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மில்லில் ஒரு நிமிஷம்கூட ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று அவர்கள் முறை வைத்துக்கொண்டது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. ஒரு நாள் மத்தியானம் மில்லக்காவை நடுவில் விட்டு எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்போதும் இரண்டு பேர் மில்லில் நின்றார்கள்.

காந்தி ஜெயந்தி கிராம சபையில் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர், இது மொழிப் பிரச்சினை, மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இழுத்தார். அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தண்ணியைக் கேளுங்க. கோர்ட்டுல கேளுங்க, ரோட்டுல உக்காந்து கேளுங்க. நாங்களும் வந்து உக்கார்றோம். மில்லுல கல்லு வுட்டா மேட்டூருக்குத் தண்ணி வந்துருமா?"

பேசுகிற மொழிக்காக இந்த ஊரில் யாருடைய கடையையும் தொடக் கூடாது, உடைந்த பலகையை ஊரே எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு மொழியிலும், என்று தீர்மானம் வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். கட்சித் துண்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு தூக்கினார். பின்வரிசையில் சித்தப்பா தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வார லீவு நாளில் அம்மா போசியைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். "கொழுந்தனாரே, இன்னிக்கு உங்க மொறை." அவர் வாங்கிக்கொண்டார். நானும் கூடப் போனேன். மில்லில் சண்டை வருமோ என்று வழியெல்லாம் அவருக்குப் பின்னாலேயே ஒதுங்கி நடந்தேன்.

அவரைப் பார்த்ததும் வரிசை விலகி வழி விட்டது. மில்லக்கா போசியை வாங்கிக் கொட்டினாள். முழங்கையில் கட்டு இன்னும் இருந்தது. மாவு விழுந்ததும் வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாகா?"

சித்தப்பா தேய்த்தார். தேய்த்துக்கொண்டே நின்றார். மாவு முழுக்க விரலிடுக்கில் உதிர்ந்து தீர்ந்த பிறகும் வெறும் விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சாகுக்கா" என்றார் கடைசியில். "சாகு."

வீட்டுக்கு ஓடி வந்து, சித்தப்பாவுக்கு மாவுப் பதம் பார்க்கவே தெரியவில்லை, எவ்வளவு நேரம் தேய்க்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அப்புறம் அரிசி டப்பாவைத் திறந்து, அந்த மாதத்தில் முதல் தடவையாக ராத்திரிக்கு உலை வைத்தாள். ராகி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூலையில் சாக்கு பாதிக்கு மேல் நிறைந்தே இருந்தது.