கதவைப் பூட்டாத கோடு

துணி துவைக்கும் மெஷினின் கதவுக்கு, சி என்னும் கணினி மொழியில் புரோகிராம், ஆபீஸ் பாஷையில் 'கோடு', எழுதுகிறவர் அவர். அலுவலகம் வைத்த பெயர் ஒருவேளையார். "ஒருவேளை கதவு மூடலைன்னா? ஒருவேளை பூட்டு பிடிக்கலைன்னா?" என்று வரிக்கு வரி கேட்பார். கேட்பதோடு விடாமல் அதற்கொரு சோதனையும் எழுதுவார். சோதனைக்குள் சோதனை, அதற்குள் இன்னொன்று. பூட்டுகிற வரி எங்கே இருக்கிறதென்று தேடுவதற்குள் படிக்கிறவருக்குத் தலை சுற்றிவிடும். உண்மையைச் சொன்னால், அவருக்கே சில சமயம் சுற்றியது.

குழுத் தலைவர் பதவி காலியானது. வெகுநாளாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி.

"உங்களுக்குத்தான். ஆனா அந்தப் புரோகிராம் கோடை மனுஷன் படிக்கற மாதிரி ஆக்கிக் குடுங்க," என்றார் மேனேஜர்.

ஒருவேளையார் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு வேலையையும் 'அசர்ட்' என்னும் காவல் வரிக்குள் போட்டார்: பூட்டு, பிடிக்காவிட்டால் அங்கேயே நில். பக்கம் பக்கமாக இருந்தது ஒரே திரையில் அடங்கியது. மேனேஜர் அசந்துபோனார். வீட்டில் மனைவி, "இனிமேலாவது நிம்மதியா தூங்குவீங்களா?" என்று கேட்டாள்.

விற்பனைக்கான பதிப்பு தயாரானது. எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்த பிறகு, பழக்கதோஷத்தில் அவர் அந்தப் பதிப்பைப் போட்டு மெஷினை ஓடவிட்டுக் கதவை இழுத்துப் பார்த்தார். திறந்துகொண்டது. நுரையும் தண்ணீருமாகப் பேன்ட் நனைந்தது.

அசர்ட் என்பது சோதிக்கும் காலத்துக்கு மட்டும். விற்பனைப் பதிப்பில் அந்த வரிகள் மொத்தமாக நீக்கப்பட்டுவிடும். இவரோ பூட்டும் வேலையையே அதற்குள் வைத்திருந்தார். நேற்றுச் சேர்ந்தவர்கள் செய்கிற தவறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயைத் திறக்காவிட்டால் நாற்காலி நிச்சயம், திறந்தால் சந்தேகம்.

மேனேஜரிடம் போனார். "சார், கதவு பூட்டல."

"ஒரு எரரும் வரலையே!"

"எப்படி வரும் சார்? பாக்கற வரியே போயிடுச்சே."

திருப்பி எழுதினார். ஒரு வரியில் வேலை. அது தோற்றால் அடுத்த வரியிலேயே மெஷின் நின்றுவிடும். சோதனை அடுக்கும் இல்லை, அசர்ட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கதவும் பூட்டிக்கொண்டது.

நாற்காலி பக்கத்து மேஜைக்காரருக்குப் போனது. பூட்டாத கோடைப் படித்துவிட்டு "பிரமாதம்" என்று ஒப்புதல் போட்ட புண்ணியவான். "அவர் பேர்ல இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்ல," என்று மேனேஜர் காரணம் சொன்னார். ஒருவேளையாருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

பதவியேற்ற அன்றே புதுத் தலைவர் அவர் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, என் கோடையும் கொஞ்சம் பாருங்களேன். எரரே வர மாட்டேங்குது. பயமா இருக்கு."